அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடி

செழியா,

நீ திருத்துறைப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கிய பிறகு நான் உனக்கு எழுதிய காகிதம் எதுவும் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. இது நீளும். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்து படி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதலில் குடி, அப்புறம் படி. நேரில் சொல்லலாம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது நினைத்தேன். நீ கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்துவிட்டாய், நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெயிலில் உன் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எழுப்பாமல் விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். நம் தெரு அஞ்சம்மாள்தான், நீ ஓவர்சியராக இருக்கிற வாய்க்கால் வேலையில் மண் சுமக்கிறவள். வரும்போதே ஒரே சிரிப்பு. "அண்ணே, ஒங்க மவன் மானஸ்தன்னா மானஸ்தன்! முந்தாநேத்து பதினோரு மணி இருக்கும், கூடயத் தூக்கி வுட்டுட்டு நிமிந்தேன், கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்புடியே சாஞ்சிட்டேன். மிராசுதாரு பேரன் வாத்தியாரு மோட்டார் கொட்டாயிலேருந்து ஓடியாந்து 'தொட்டிக்குத் தூக்கிட்டு வாங்க'ன்னாரு. தம்பி வுடலயே! 'எங்க சித்தப்பாவுக்கு இல்லாத தண்ணி எங்களுக்கும் வேணாம் சார்'ன்னு ஒரே போடு. சைக்கிள்ல ஆள அனுப்பி, கடத்தெருவுலேருந்து தண்ணி கொண்டாந்துதான் எம் மூஞ்சில அடிச்சாங்க" என்றாள். உன்னைப் பாராட்டுவதற்காகவே வந்திருக்கிறாள், பாவம். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தவள் அஞ்சம்மாளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. பயம்டா. போலீஸ் ஊருக்குள் வந்தபோது பயப்படாதவன், ஜெயிலுக்குப் போனபோது பயப்படாதவன், இப்போது காலையில் கிழக்கே வெளுப்பதைப் பார்த்தாலே பயப்படுகிறேன். இன்னும் கத்திரி வெயில் முடியவில்லை. மேட்டூர் அணை திறப்பதற்குள் வாய்க்காலை முடித்துக் கொடு என்று மேலே இருப்பவர் உன் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீ ஆட்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அஞ்சம்மாள் பிழைத்தது உன் கெட்டிக்காரத்தனம் இல்லை, அவளுடைய ஆயுசு கெட்டி. சைக்கிள் போய் வருகிற நேரத்தில் ஒரு ஆள் செத்துப் போவான். எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

நீ அந்தத் தண்ணீரை வேண்டாம் என்றதற்குக் காரணம் நான் உனக்குச் சொல்லி வளர்த்த கதை. மிராசுதார் தண்ணீர் தர மறுத்தார், உன் வடிவேலு சித்தப்பா நாக்கு வறண்டு செத்தான் என்ற கதை. சங்கக் கொடிமரத்து மேடையில் சிமெண்டில் எழுதியிருக்கிறது, 'தண்ணீர் மறுக்கப்பட்டு உயிர் நீத்த தோழர் வடிவேலு' என்று. பத்து வயதில் நீ அந்த மேடையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பேசினாய், கூட்டமே அழுதது. நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். செழியா, அந்தக் கதை பொய். தண்ணீரை மறுத்தது மிராசுதார் இல்லை. நான்.

அப்போது உனக்கு மூன்று வயது. புது ஆட்சி வந்து ஒன்றிரண்டு கோடைதான் ஆகியிருந்தது. நம்மைப் போலப் பேசுகிறவர்கள் கோட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள், இனி எல்லாம் மாறும் என்று நம் தெருவே நம்பியது. மாறவும் செய்தது. கூலிக்கு ஒப்பந்தம் போட்டோம், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பால், சவுக்கடி என்று தாத்தா காலத்தில் இருந்ததெல்லாம் ஓய்ந்தது. ஆனால் வயலில் தண்ணீர் மட்டும் பழையபடியே கையில்தான் ஊற்றினார்கள். மோட்டார் கொட்டகைத் தொட்டியை நாம் தொடக்கூடாது. குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், பண்ணை ஆள் எட்டி நின்று மேலிருந்து ஊற்றுவான். பாதி முழங்கை வழியாக ஓடிவிடும், மீதியைக் குடிக்க வேண்டும். உன் சித்தப்பாதான் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டான், "அண்ணே, மாட்டுக்குத் தொட்டியில காட்டுறான், நமக்குக் கையில ஊத்துறான். நாம என்ன மாட்டுக்கும் கீழயா?" என்று. அன்றைக்கே தீர்மானம் போட்டோம். டம்ளரில் கொடுத்தால் குடிப்போம், இல்லாவிட்டால் பண்ணைத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். சங்கத் தலைவர் நான்தான். அந்தத் தீர்மானம் தப்பில்லை, இன்றைக்கும் சொல்வேன். அதை நான் பிடித்த விதம்தான் தப்பு.

கோடை நெல் அறுப்பு அது. மோட்டார் வைத்த பண்ணையில் மட்டும்தான் அந்தப் பயிர் உண்டு. நாம் வீட்டிலிருந்து மண்குடத்தில் தண்ணீர் கொண்டு போனோம். முப்பது பேருக்கு நாலு குடம், பத்து மணிக்கே அடி தெரிந்துவிட்டது. நான் வரப்பில் ஏறி, "யாரும் அந்தப் பக்கம் பாக்கக் கூடாது, இன்னும் ரெண்டு மணி நேரம் பல்லக் கடிச்சிக்குங்க, முடிச்சிட்டு வீட்டுல போயிக் குடிக்கலாம்" என்று சத்தம் போட்டேன். பல்லைக் கடித்தால் தாகம் போய்விடுமா? உன் சித்தப்பா இருபத்திரண்டு வயசுக்காரன், நெற்கட்டைச் சுமந்தால் இரண்டு ஆள் சுமை சுமப்பான். தன் பங்குத் தண்ணீரைக்கூடக் கிழவர்களுக்குக் கொடுத்துவிட்டான். அதற்கு முந்தின இரண்டு நாள் காய்ச்சலாகக் கிடந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். வராதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் தம்பி வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று நினைத்தேன். இதுவும் என் தப்பில் சேர்த்தி.

பதினோரு மணிக்கு மேல் அவன் பேச்சு கோணலானது. என்னைப் பார்த்து "அப்பா" என்றான். அப்பா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நடந்தால் கால் பின்னியது. "பட்டப்பகல்லயே சாராயம் போட்டுட்டான்டா" என்று யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் சாராயத்தைத் தொடாதவன் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் சிரித்தேன். உடம்பில் வேர்வையே இல்லை. அதைத் தொட்டுப் பார்த்து, "வேர்வ அடங்கிடுச்சு, தேவல" என்று நானே சொன்னேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள், செழியா. வெயிலில் நிற்கிற ஒருவனுக்கு வேர்வை நின்றால் அது தேவலை இல்லை. சில பேருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் அது வரும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். உளறுகிறானா, தள்ளாடுகிறானா, உடம்பு அடுப்பாகச் சுடுகிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். குடித்திருக்கிறான் என்று யாராவது சிரித்தால் அந்த ஆளை அறைந்துவிட்டு நீ ஓடிப் போய் அவனைத் தொட்டுப் பார்.

அப்புறம் விழுந்தான். கையும் காலும் வெட்டி இழுத்தது. அரிவாளைக் கையில் கொடுத்தார்கள், இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று. மோட்டார் கொட்டகை அங்கேதான் இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மிராசுதார் குடை பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். அவர் கத்தினார், "தூக்கிட்டு வந்து தொட்டியில எறக்குங்கடா! மொதல்ல உசுரப் பாருங்கடா!" என்று. சத்தியமாகக் கத்தினார். என் காதில் அந்த 'டா'தான் விழுந்தது. 'உசுரு' விழவில்லை. உன் அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்து ஓடினாள். நான் எட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "தீர்மானம் என்னாச்சு?" என்று கேட்டேன். அவள் கையை உதறப் பார்த்தாள். வளையல் உடைந்தது. நான் விடவில்லை.

வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வெயில் படக்கூடாது என்று அவன்மேல் சாக்கைப் போட்டு மூடினோம். எரிகிறவனைப் போர்த்திக்கொண்டு போன முட்டாள்கள் நாங்கள். வழியில் வாய்க்குள் ஊற்றிய கொஞ்சம் தண்ணீரும் புரையேறி மூக்கு வழியாக வந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "விழுந்த எடத்துலயே உடம்பு முழுக்கத் தண்ணிய ஊத்திக் குளுர வச்சிருந்தா பொழச்சிருக்கலாமேப்பா. பக்கத்துல தண்ணி இல்லையா?" என்று கேட்டார். நான் "இல்லைங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதிலிருந்துதான் எல்லாம் முளைத்தது. சங்கத்து ஆட்கள் வந்து "தண்ணி கேட்டீங்களா?" என்றார்கள். "கேட்டோம்" என்றேன். "குடுத்தாங்களா?" என்றார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். வயலில் இருந்த முப்பது பேரில் ஒருவரும் என்னை மறுக்கவில்லை. என் தம்பி பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டு யார் என்னை மறுப்பார்கள்? மிராசுதார்மேல் கேஸ் வந்தது. அவர் நான் தண்ணீர் கொடுத்தேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார், ஒருவரும் நம்பவில்லை. அவர் நல்லவர் என்று நான் எழுத வரவில்லை. காலமெல்லாம் கையில் ஊற்றியவர்தான். அன்றைக்கு ஒரு நாள் சரியாகச் சொன்னார், அவ்வளவே.

உன் அம்மா இந்த இருபத்து நாலு வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையில்கூட எடுத்ததில்லை. சித்திரை பிறந்தால் நான் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய், "அப்பா கேக்கலயே, ஏம்மா வைக்கிற?" என்று. அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இனி நான் சொல்வதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள். நீ ஓவர்சியர், நான் பள்ளிக்கூடம் போகாமல் ஜெயிலில் எழுத்துக் கற்றவன், இருந்தாலும் எடுத்துக்கொள். ஐந்தரைக்கு மண்வெட்டி இறங்கட்டும், பத்தரைக்கு ஏறிவிட வேண்டும். மிச்சத்தை நாலு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். மேலே இருப்பவர் கத்தினால் கத்தட்டும், கத்துவதால் யாரும் சாவதில்லை. குழி அளந்து கூலி வாங்குகிற ஜனம் தானாக நிறுத்தாது. இன்னும் ஒரு குழி, இன்னும் ஒரு குழி என்று போய்க்கொண்டே இருக்கும். நிறுத்துகிற வேலை உன்னுடையது. புதிதாக வந்தவனுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் முதல் வாரம் பாதி வேலை கொடு. தாகம் எடுத்த பிறகு குடிப்பது லேட்டு, அதற்கு முன்னாலேயே கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் குடிக்க வை. காலையில் நீராகாரம் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வரச் சொல். நடுவில் மோர் கொடு. வெறும் டீயில் ஓட்டாதே, நீ அதைத்தான் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். தலைத்துண்டு ஈரமாக இருக்கட்டும். ஒரு கீற்றுப் பந்தலாவது போடு, வேலை நடக்க நடக்க அதுவும் கூட நகரட்டும். தனியாக எவனையும் கோடியில் விடாதே, இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சொல்.

பெண்களைப் பற்றி ஒன்று. இது உன் கண்ணுக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்ததில்லை. அஞ்சம்மாளிடம் "தண்ணி குடிச்சியா இல்லயா?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் உன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், "எங்கக்கா குடிக்கிறது? குடிச்சா ஒதுங்க வேணாமா? கர நெடுக ஆம்பளயா நிக்கிறான். காலையில வூட்டுல ஒரு மொடக்கு குடிச்சா, திரும்பி வூட்டுக்குப் போயித்தான்" என்று. வாய்க்கால் கரையில் ஒரு புதர் இல்லாமல் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டாயே, நல்ல ஓவர்சியர்! நாலு கீற்றை வாங்கி ஒரு மறைப்புக் கட்டிக் கொடு. நாளைக்கே கட்டு. நீ குடம் குடமாகத் தண்ணீர் வைத்தாலும் அந்த மறைப்பு இல்லாமல் அவர்கள் குடிக்க மாட்டார்கள்.

அதையும் மீறி யாராவது விழுந்தால் யோசிக்காதே, கூட்டம் சேர்க்காதே, சைக்கிளில் ஆள் அனுப்பாதே. நிழலுக்கு இழு. துணியைத் தளர்த்து. கிட்டே எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதைத் தலையிலிருந்து கால்வரை ஊற்று, ஊற்றிக்கொண்டே விசிறு. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணியை வை. தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தண்ணீரில் இறக்கு. நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதே. ஒருவன் வண்டி பிடிக்கட்டும், நீ ஊற்றுவதை நிறுத்தாதே, வண்டியிலும் ஊற்றிக்கொண்டே போ. எந்தத் தண்ணீர், யார் தண்ணீர் என்று பார்க்காதே. தீர்மானம் அடுத்த நாளும் இருக்கும். அடுத்த நாள் காலையில் எழுந்து அந்த ஆளே வந்து சண்டை போடட்டும்.

நேற்று நான் உன் வாய்க்கால் வேலை நடக்கிற அந்தப் பண்ணைப் பக்கம் போனேன். நீ கும்பகோணம் ஆபீசுக்குப் போயிருந்தாய் என்றார்கள், நல்லதாகப் போயிற்று. அவன் விழுந்த வரப்பு இப்போதும் இருக்கிறது. அங்கிருந்து தொட்டிக்கு நடந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு தப்படி. இத்தனை வருஷம் நான் அதை அளந்ததில்லை. மனசுக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் எட்டவே முடியாத இடத்தில் கொண்டு போய் வைத்துவிட்டேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். தொட்டி மேட்டில் நாலைந்து டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தார். உன் ஆட்களுக்காக வைத்தாராம், ஒருவரும் தொடவில்லையாம். "உங்க தாத்தா அன்னைக்குத் தண்ணி குடுக்குறேன்னுதான் சொன்னாரு" என்றேன். அவர் கவிழ்த்திருந்த டம்ளர் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "சாவுற வரைக்கும் அதத்தாங்க சொல்லிக்கிட்டிருந்தாரு. நாங்களே நம்பல" என்றார். நான் டம்ளரை எடுத்து மொண்டு குடித்தேன். இரண்டாவது டம்ளர் இறங்கவில்லை.

இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. கொடிமரத்தடியில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டு, அந்த சிமெண்டு எழுத்தைச் சுரண்டுவதானால் சுரண்டு. வடிவேலு பேர் மட்டும் இருக்கட்டும். என்னை நீ இனி அப்பா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ, அந்தப் பயமும் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைச் சாக்குப் போட்டு மூடி வண்டியில் ஏற்றுவது போல இத்தனை நாளாகக் கண்ணில் நிற்கிறதே, அதன் முன்னால் இது ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அந்தத் தொட்டியடியில் நிற்பேன். எல்லா ஆட்களையும் அழைத்துக்கொண்டு வா. முதல் டம்ளரை அவர்கள் கண் முன்னால் நீ குடிக்க வேண்டும். நீ குடிக்காமல் அவர்கள் குடிக்க மாட்டார்கள்.

எழுதியதையெல்லாம் உன் அம்மாவுக்கு இப்போதுதான் படித்துக் காட்டினேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். வளையல் உடைந்த இடம் வந்ததும் புடைப்பதை நிறுத்திவிட்டாள். முடித்துவிட்டு, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் ஓடுனேன்ல. எங் கைய வுட்டுருக்கலாம்ல" என்றாள்.

அதையும் சேர்த்துவிட்டேன்.

அப்பா